பதினொன்றுக்கு ஏறி மூன்றுக்கு இறங்கும் விமானம்

பெயர்: கூப்பிடுவது பெட்டியக்கா, பாஸ்போர்ட் நகல் இணைப்பில். வயது: 52. தொழில்: விடுதிச் சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுதல். விலாசம்: மருந்துக்கடை மாடி, பின்பக்கப் படி.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு ஊர் மணி வேறு என்பது இந்த வயதில் இன்றுதான் எனக்குத் தெரிந்தது. நான் இப்போது வந்து இறங்கிய இந்த வெளிநாட்டு ஊரில் இருக்கும் என் தம்பிக்குப் பதினைந்து வருடமாக எங்கள் ஊரிலிருந்து காலை ஒன்பதுக்குப் போன் போடுவேன். அவன் கொட்டாவி விடுவான். சோம்பேறி என்று கேலி செய்வேன். அவன் ஒருநாளும் திருத்தவில்லை.

நேற்று தம்பி மனைவி கூப்பிட்டாள். "அக்கா, அவருக்கு மூளை செத்துடுச்சுன்னு சொல்லிட்டாங்க. நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை எடுத்துடுவாங்களாம். அதுக்கு மேல வைக்க மாட்டாங்களாம்." நான், "அவன் காதுல நாலு வார்த்தை திட்டிட்டுத்தான் அனுப்புவேன், வர்றேன்னு சொல்லு" என்றேன்.

டிக்கெட்டில் பதினொன்றுக்குக் கிளம்பி மூன்றுக்கு இறங்கும் என்று இருந்தது. நாலு மணி நேரம்தானே என்று ஏறினேன். அதன் பிறகு சாப்பிட்டுத் தூங்கி எழுந்தேன். எதிரே திரையில் விமானம் எறும்பு மாதிரி நின்றது. பக்கத்து இருக்கைக்காரர், இன்னும் எட்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரம் என்றார். விரல் விட்டு எண்ணினேன். போய்ச் சேர நடுராத்திரி ஆகும் என்று வந்தது.

அதன் பிறகு பணிப்பெண்ணிடம், "தங்கச்சி, டிரைவரைக் கொஞ்சம் அழுத்தி மிதிக்கச் சொல்லும்மா" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதன் பிறகு நானே முன்னால் போய் விமானி அறைக் கதவைத் தட்டினேன். எத்தனை தடவை என்று நினைவில்லை. இரண்டு பேர் என்னைப் பிடித்து உட்காரவைத்துக் கையைக் கட்டினார்கள்.

அதன் பிறகுதான் அந்தப் பணிப்பெண் சொன்னாள், "அக்கா, டிக்கெட்டுல இருக்குற மூணு மணி இறங்குற ஊர் மணி. நீங்க நேரத்துக்குத்தான் போறீங்க."

விமானம் 2.50-க்கு இறங்கியது. பத்து நிமிடம் முன்னதாக. ஆஸ்பத்திரி இங்கிருந்து காரில் இருபது நிமிடம். விமானத்தின் வாசலிலேயே காவலர்கள் என்னைப் பிடித்து, விமான நிலையத்தின் இந்த அறைக்கு அழைத்துவந்தார்கள். இந்த வாக்குமூலத்தை எழுதும் ஐயா நாலரைக்கு வந்தார். எழுதி முடித்தால்தான் விடுவோம் என்றார்கள். உறையில் போட்டு ஒட்டிய என் போன் மேசைமேல் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுக்க அனுமதி இல்லை.

மேலே உள்ளது என் வாயால் சொன்னது. படித்துக் காட்டக் கேட்டேன், சரி.

(கையொப்பம்)

பின்குறிப்பு: இது இரண்டாம் பிரதி. முதல் பிரதி முடிந்ததும் ஐயா மணி கேட்டார். நான் இன்னும் எங்கள் ஊர் மணியிலேயே ஓடும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து 2.25 என்றேன், அவரும் எழுதிவிட்டார். விமானம் இறங்குமுன்பே வாக்குமூலம் முடிந்ததாகிறது, செல்லாது என்று பெரிய அதிகாரி சொன்னதால் முதலிலிருந்து திரும்ப எழுதப்பட்டது. முடித்த நேரம்: இந்த ஊர் மணிப்படி மாலை 6.10.