பிலடெல்பியாவுல சொல்லாத வரி

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, ஒரு கால் ஆடும். இப்படி உக்காருங்க. காபி எடுத்துக்குங்க. எங்க வீட்டுக்காரரு மாடியிலதான் இருக்காரு. எழுப்ப வேண்டாமே. வியாழக்கிழமை அவருக்கு எழுபது வயசு ஆகுதுன்னு பத்திரிகையில போடத்தானே வந்தீங்க? நான் சொல்றேன், எழுதிக்குங்க.

ஆமா, அவரு பொறந்தது ஒஹையோதான். அப்பா பன்னி வளத்தவரு. மகன் நியூயார்க்குல நாடகம் எழுதுறான்னு வெளியில சொல்லவே அவருக்கு வெக்கம். முதல் நாடகம் ஒரு வாரம் தாங்கல. அடுத்ததுதான் அந்த மாமியார் நாடகம். உங்கம்மா பாத்தாங்களா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, அவருக்கு அதைச் சொன்னாலே எரிச்சல் வரும். அப்புறம் ஹாலிவுட். பேசும் படம் வந்த புதுசு. இவரு எழுதினதை அங்க ஆளாளுக்குத் திருத்தினாங்க. ஊரையே திருத்துற மனுஷன் அதைத் தாங்குவாரா, பெட்டியத் தூக்கிட்டு வந்துட்டாரு.

திருத்தம்னா அப்படி ஒரு பைத்தியம். சாப்பிட வாங்கன்னு கூப்பிட்டாக்கூட, அதுல ஒரு வார்த்தை அதிகம் வின்னிம்பாரு. வின்னி நான்தான்.

அவருக்கே பிடிச்ச நாடகமா? அது மேடையே ஏறல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷம், பிலடெல்பியாவுல. அதுல பொண்டாட்டி வேஷம் எனக்கு. கடைசி வரி என்னோடது. உங்களுக்குத் தெரியாதா? ஒத்திகையில கடைசி வரியை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். ஜனங்க வந்து உக்காந்தப்புறம்தான். முன்னாடியே சொல்லிட்டா நாடகம் விளங்காதும்பாங்க. அந்த இடம் வந்தா நான் தலையை ஆட்டுவேன், திரை விழும். விடிஞ்சா முதல் காட்சி. அன்னைக்குன்னு பாத்து, விஷக்காய்ச்சல் பரவுதுன்னு ஊர்ல இருந்த அத்தனை தியேட்டரையும் பூட்டிட்டாங்க. திறந்தப்ப எங்க முதலாளி வேற நாடகத்துக்குப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் எத்தனையோ தடவை கேட்டுட்டாரு. ஒரே ஒரு தடவை சொல்லேன், காதால கேட்டுக்கறேன்னு. மாட்டேன், ஜனங்க முன்னாடிதான்னுவேன். எங்களுக்குள்ள பெரிய சண்டையே இதுதான். சகுனம் மட்டும் இல்ல தம்பி. சொல்லாத வரைக்கும் அது இனிமே நடக்கப்போற நாடகம். சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. ஆனா எத்தனை வருஷம்தான் மாட்டேன்னு சொல்றது. எனக்கும் அலுத்துப்போச்சு.

இன்னைக்குக் காலையில மறுபடி கேட்டாரு. மூச்சு ரொம்ப வாங்குச்சு. கட்டில் ஓரத்துல உக்காந்து சொல்லிட்டேன்.

என்ன வரியா? மழை விட்டுடுச்சு, போலாம் வாங்க. அவ்வளவுதான், பெரிசா ஒண்ணும் இல்ல. அவரு கண்ணைத் திறக்காமலே, அவசரப்படாத வின்னி, மழை விட்டுடுச்சுன்னதும் கொஞ்சம் நிறுத்துன்னாரு. நிறுத்திச் சொன்னேன். அதுக்குத் திருத்தம் ஒண்ணும் சொல்லல.

நீங்க மணியடிச்சப்ப டாக்டர்தான் வந்துட்டாருன்னு நெனச்சேன். அட, எந்திரிக்காதீங்க, காபியக் குடிங்க. எழுபதுன்னு மட்டும் போட்டுடாதீங்க. அறுபத்தொம்பதுதான், அதோட நின்னுபோச்சு. தப்பா இருந்தா அவருக்குப் பிடிக்காது.