சாவி உள்ளே, துவாரம் வெளியே

என் வயது ஐம்பத்திரண்டு. பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடைத்தெருவில் பூட்டுக்காரர் என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். தொழில், பூட்டு செய்வதும் பழுது பார்ப்பதும், இருபத்தாறு வருடங்களாக. மனைவி, வயது நாற்பத்தெட்டு, வீட்டு வேலை. என் கடையின் பட்டறை அறைக்குள் அமைச்சர் முப்பத்து மூன்று நிமிடம் பூட்டப்பட்டிருந்தது சம்பந்தமாக அவருடைய பாதுகாப்பு அதிகாரி கொடுத்த புகாரின் பேரில் இன்று இந்த நிலையத்துக்கு அழைக்கப்பட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நல்ல நினைவோடு இதைச் சொல்கிறேன்.

சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எங்கள் தெருவில் கட்டி முடித்திருக்கும் புதிய வணிக வளாகத்தைத் திறக்க அமைச்சர் வருவதாகவும், அப்படியே என் கடைக்கும் பத்து நிமிடம் வருவதாகவும், நான் செய்யும் ஏழு லீவர் பூட்டை மாணவர் விடுதி அலமாரிகளுக்கு வாங்கலாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்வார் என்றும் அதில் இருந்தது. படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விடுதிகள் இருநூறுக்கு மேல் இருக்கும். இருபத்தாறு வருடத்தில் என் பூட்டு இந்தத் தெருவைத் தாண்டிப் போனதில்லை. என் மனைவி கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, “பத்து நிமிஷம் வர்றவருக்காகப் பத்து வருஷத்துக் குப்பைய எடுக்கணுமா?” என்றாள். பிறகு எடுத்ததும் அவள்தான்.

அதன் பிறகு மூன்று வாரம் ஏற்பாடு நடந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தோம். பலகையில் தொங்கும் ஆயிரத்துச் சொச்சம் சாவிகளை மனைவி கழற்றித் துடைத்து, சின்னதிலிருந்து பெரியது வரை உயர வரிசையில் மாட்டினாள். அவளுடைய தம்பி, என் மச்சான், விளம்பரப் பலகை எழுதுகிறவர். அவர் ஒரு பலகை எழுதிப் பட்டறைக் கதவுக்கு மேலே மாட்டினார். ‘இந்தப் பூட்டை யாராலும் திறக்க முடியாது’ என்பது அதிலிருந்த வாசகம். சிவப்பு எழுத்து அவருடைய யோசனை, வாசகம் என்னுடையது. அந்தப் பலகையைப் புகாரில் மிரட்டல் என்று காட்டியிருக்கிறார்கள். அது மிரட்டல் அல்ல, வெறும் பீற்றல்.

வருகைக்கு நாலு நாள் முன்பு ஓர் அதிகாரி முன்கூட்டியே வந்து இடத்தைப் பார்த்தார். பட்டறை அறை சிறியது. ஒரு மேசை, ஒரு முக்காலி, ஓர் அலமாரி, இரும்புக் கதவு ஒன்று, மேலே காற்றுப் போக ஒரு துவாரம், ஜன்னல் இல்லை. கதவுக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதைக் காட்டி எலி வருமே என்றார். மேலே இருந்த துவாரத்தைக் காட்டி யாராவது எதையாவது உள்ளே போட்டால் என்ன ஆவது என்றார். அவர் போன அன்றே கதவின் கீழே தகடு அடித்தேன், மேலே தடித்த வலை போட்டு நாலு பக்கமும் முடுக்கினேன். சொன்ன வேலையை ஒன்றுக்கு இரண்டாகச் செய்வது என் சுபாவம். இவ்வளவு ஒழுங்காகச் செய்யாமல் இருந்திருந்தால் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பூட்டைப் பற்றிக் கேட்டதற்குச் சொல்கிறேன். அது கதவில் பதிக்கும் பூட்டு. கதவைச் சாத்தினாலே நாக்கு தானாக விழுந்துவிடும், திறக்கத்தான் சாவி வேண்டும். உள்ளே லீவர் என்னும் மெல்லிய தகடு ஏழு இருக்கிறது. ஏழும் அதது உயரத்துக்குச் சரியாக எழும்பினால்தான் நாக்கு பின்வாங்கும். வழக்கமாக அறையின் உள்பக்கம் ஒரு திருகு இருக்கும், அதைத் திருகி உள்ளே இருப்பவர் வெளியே வரலாம். ஏழு லீவரும் எழும்பும் அழகை அமைச்சர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டு, உள்பக்க மூடியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி பதித்தேன். நடுவில் திருகு இருந்தால் மறைக்கிறது என்று அதையும் எடுத்துவிட்டேன். பூட்டு செய்கிறவனுக்குத் திருடன் எப்போதும் வெளியேதான் நிற்கிறான். உள்ளே இருப்பவனை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

என் மனைவி இரண்டு விஷயம் சொன்னாள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மூன்றாவது லீவர் தளர்வாக இருக்கிறது, மாற்றுங்கள் என்றாள். இரண்டாவது சாவி ஒன்று செய்து வையுங்கள் என்றாள். இரண்டையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. “உலகத்துலயே ஒரே சாவின்னு சொல்லிக் கையில குடுத்தா எப்படி இருக்கும்!” என்று அவளிடம் சொன்னேன். சொன்னபடியே ஒரே ஒரு சாவி செய்து, பளபளப்பாகத் தேய்த்து, அமைச்சருக்குக் கொடுப்பதற்காக ஒரு சின்னப் பெட்டியில் வைத்தேன்.

அதன் பிறகு நேற்று காலை ஒன்பது மணிக்குப் பாதுகாப்புக் காவலர்கள் வந்து, கூராக இருந்த எதுவும் அறைக்குள் இருக்கக் கூடாது என்று சொல்லி, என் அரம், கம்பி, உளி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு முன்கடையில் மனைவியின் பொறுப்பில் வைத்தார்கள். பத்து நாற்பதுக்கு அமைச்சர் வந்தார். கடைக்குள் வந்தவர் சாவிப் பலகையைப் பார்த்துச் சிரித்தார். மாலையைக் கழற்றிச் செயலாளரிடம் கொடுத்தார், கைப்பேசியையும் கொடுத்தார். அதன் பிறகு நான் அவரைப் பட்டறை அறைக்கு அழைத்துப் போய் முக்காலியில் உட்கார வைத்து, பெட்டியைத் திறந்து சாவியைக் கையில் கொடுத்தேன். மெய்க்காவலர் வாசலில் நின்றார், அவருக்குப் பின்னால் படம் எடுப்பவர் நின்றார். கதவு திறந்து சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் கண்ணாடி தெரியவில்லை. அமைச்சர், “சாத்துங்க, பாக்கலாம்” என்றார். மெய்க்காவலர் ஓர் அடி பின்னால் போனார். தினமும் செய்கிற பழக்கத்தில் நான் குதிகாலால் கதவைத் தள்ளினேன். நாக்கு விழும் சத்தம் கேட்டது. அருமையான சத்தம். அப்போது மணி பத்து ஐம்பத்திரண்டு. கதவைச் சாத்தியது நான்தான், வேறு யாரும் இல்லை.

அமைச்சர் கண்ணாடி வழியாக லீவர்களைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த சாவியைக் காட்டி, “இத எங்க போடணும்?” என்று கேட்டார். வெளிப்பக்கம் என்று சொல்ல வாய் எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. அமைச்சர் என் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கதவின் கீழே பார்த்தார், மேலே வலையைப் பார்த்தார். கடைசியில், “நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க” என்றார்.

வெளியே கதவை இடித்தார்கள். அது நான் செய்து மாட்டிய கதவு, ஆடவில்லை. மனைவி கதவருகே வந்து, “ஏங்க, சாவி எங்க?” என்றாள். உள்ளே என்றேன். “சாவித் துவாரம்?” என்றாள். வெளியே என்றேன். சொன்னேனே என்று அவள் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

தீயணைப்பு வண்டிக்குச் சொல்லி அனுப்பியதாகவும், திறப்பு விழாக் கூட்டத்தில் அது மாட்டிக்கொண்டதாகவும் வெளியிலிருந்து கத்திச் சொன்னார்கள். அமைச்சர் காலணியைக் கழற்றினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, “அடுத்து எனக்கு மூணு கூட்டம் இருக்கு. நீங்க அவசரப்படாதீங்க” என்றார். அதன் பிறகு அலமாரியில் தலையைச் சாய்த்தார். இரண்டு நிமிடத்தில் தூங்கிவிட்டார். நான் மேசை ஓரத்தில் நின்றபடி, அவர் முக்காலியிலிருந்து விழுந்துவிடாமல் தோளுக்கு என் கையைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நடந்ததில் ஒரு பகுதி நான் பார்த்தது அல்ல, வெளியே நின்ற மச்சான் சொல்லித் தெரிந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம் வருவதைக் கேட்டு மெய்க்காவலர், அமைச்சரின் கழுத்தை யாரோ நெரிக்கிறார்கள் என்று கத்தியிருக்கிறார். கதவைச் சுட்டுத் திறக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்திருக்கிறது. என் மனைவி கதவில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, “அது குறட்டைங்க. கழுத்த நெரிச்சா இவ்வளவு நிதானமா வராது” என்றாளாம். உங்கள் கணவருடையதா என்று கேட்டதற்கு, “அவரோடது விசில் அடிக்கும்” என்றாளாம். இதை அத்தனை பேர் நடுவில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அதன் பிறகு அவள் கருவிப் பையைக் கேட்டாள். திறக்கத் தெரியுமா என்று பாதுகாப்பு அதிகாரி கேட்டார். “வழிய விட்டுட்டுக் கேளுங்க” என்று சொல்லிக் கதவின் முன் உட்கார்ந்தாள்.

இனிச் சொல்வது நானே கண்ணாடி வழியாகப் பார்த்தது. சாவித் துவாரத்தில் இரண்டு மெல்லிய கம்பிகள் நுழைந்தன. நான் திறந்தால் முதல் லீவரில் ஆரம்பிப்பேன். அந்தக் கம்பி நேரே கடைசி லீவருக்குப் போய், அதைத் தூக்குவதற்கு முன் ஒரு தடவை மெல்லத் தொட்டுவிட்டு, பிறகு தூக்கியது. ஆறாவதையும் தொட்டுவிட்டுத் தூக்கியது. வெளியே நிற்பது யார் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவைப்படவில்லை. வீட்டுச் சாவியைத் தொலைத்தவர்கள் வந்து கூப்பிட்டால் பத்து வருடமாகப் பெரும்பாலும் போவது அவள்தான். கடைப் பெயர்ப் பலகையில் என் பெயர் மட்டும் இருக்கிறது. ஐந்து, நாலு எழும்பின. யாராலும் திறக்க முடியாது என்று நான் எழுதி மாட்டிய பூட்டு, அந்தப் பலகைக்கு நேர் கீழே ஒவ்வொன்றாக அவளுக்கு வழி விட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மூன்றாவது லீவருக்கு வந்ததும் கம்பி நின்றது. தளர்வாக இருப்பதாக அவள் சொன்ன லீவர் அது. அதை அவள் இரண்டு தடவை ஆட்டினாள். இரண்டாவது தடவை எனக்காக ஆட்டியது என்பது என் கருத்து. மற்ற இரண்டும் உடனே எழும்பின, நாக்கு பின்வாங்கியது. அப்போது மணி பதினொன்று இருபத்தைந்து. அவள் உட்கார்ந்ததிலிருந்து நாலே நிமிடம் என்று மச்சான் சொல்கிறார்.

கதவு திறந்ததும் அமைச்சர் கண் விழித்து, “அதுக்குள்ளயா?” என்றார். அவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. காலணியை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, திறந்தது யார் என்று விசாரித்து, மனைவியிடம் பூட்டில் குறை எங்கே என்று கேட்டார். அவள் மூன்று விரலைக் காட்டினாள். அதன் பிறகு அவர் போய்விட்டார்.

இன்னொரு சாவி இருந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதால் அதற்கும் பதில் சொல்கிறேன். இன்று காலை அமைச்சரின் செயலாளர் இந்த நிலையத்து வராந்தாவில் என்னைத் தனியாக அழைத்து, “வீட்டம்மாகிட்ட இன்னொரு சாவி இருந்துச்சு, தேட நேரமாச்சுன்னு சொல்லிடுங்க. பூட்டுப் பேரும் கெடாது, ஆர்டரும் கைவிட்டுப் போகாது” என்றார். அவர் எனக்கு நல்லதை நினைத்துத்தான் சொன்னார். ஒரு டீ குடிக்கும் நேரம் நானும் அதை யோசித்தேன். இருநூறு விடுதி என்பது எனக்குச் சின்ன விஷயம் அல்ல. ஆனால் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அமைச்சரை அரை மணி நேரம் உள்ளே விட்டாள் என்ற பேச்சு என் மனைவி மேல் வரும். அதைவிட, அவள் கையால் செய்த வேலையை ஒரு சாவி செய்ததாக நானே சொன்னதாகிவிடும். ஆகவே சொல்கிறேன்: இரண்டாவது சாவி கிடையாது. இருந்த ஒரே சாவி இப்போதும் அமைச்சரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், கேட்டுப் பார்க்கலாம். பூட்டு என்னுடையது. அதில் குறை இருக்கிறது. அதைக் கண்டுபிடித்ததும் திறந்ததும் என் மனைவி.

இங்கே பிடித்து வைத்திருக்கும் பூட்டை வேலை முடிந்ததும் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். மூன்றாவது லீவரை மாற்ற வேண்டும். இந்தத் தடவை அவள் செய்வாள், நான் கண்ணாடியை எடுத்துவிட்டுத் திருகு வைப்பேன். விடுதிகளுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதை அதன் பிறகு அமைச்சர் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் சொன்னதை எழுத்தர் எனக்குப் படித்துக் காட்டினார். முதல் பத்தியில் என் மனைவியின் வயதுக்குப் பக்கத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதப்பட்டிருப்பது தவறு என்று சொன்னேன். நீங்கள்தானே அப்படிச் சொன்னீர்கள் என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன். அதை அடித்துவிட்டு ‘பூட்டுத் தொழில், பத்து வருடம்’ என்று எழுதச் சொன்னேன், எழுதினார். அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும், மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது என்பதற்கு இதன் கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
பூட்டுக்காரர்