கிணற்றில் கிடக்கும் வைக்கோல் போர்

மடியில் பட்டு நூல் மூட்டையோடு, மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டியில் காஞ்சிபுரம் வந்துகொண்டிருந்தேன். வாலாஜாபாத்தில் ஏறிய குடியானவர் ஒருவர், என் எதிரில் இருந்த தம் மாமாவைக் கண்டு கும்பிட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். வண்டி கிளம்புவதற்குள்ளேயே மாமா ஒரு பாரம் வைக்கோல் கேட்டுவிட்டார்.

"போரு முழுசும் கெணத்துல கெடக்குது மாமா."

"இல்லைன்னு சொல்லிட்டுப் போயேன்பா. இதென்ன பேச்சு?"

சாக்குச் சொல்லவும் ஒரு முறை வேண்டாமா என்று எனக்கும் தோன்றியது.

"நெசமாத்தான் மாமா. பசு கெணத்துல வுழுந்துடுச்சி. தண்ணி முட்டி அளவுதான். அடி ஒண்ணும் படல."

"கயிறு கட்டித் தூக்கறதுதானே?"

"நெறமாசச் சினை. வயித்துல எப்படிக் கயிறு போட்டு இழுக்கறது? வைக்கலைக் கட்டுக் கட்டா உள்ள போட்டோம். அது மிதிச்சி மிதிச்சி ஏறிச்சி. பொழுது சாயறதுக்குள்ள கரைக்கு வந்துடுச்சி. போரும் தீந்துபோச்சி."

"உள்ள கெடக்கறதை எடுத்துப் போடேன்."

"அழுவிப்போச்சி மாமா. பசு மோந்து பாத்துட்டு நவுந்துடுது."

மாமாவின் குரல் இறங்கியது.

"அப்ப தீனிக்கு என்ன பண்றே?"

"வூட்டுக் கூரையிலேந்து உருவிப் போட்டுக்கினு இருக்கறேன். பாதிக் கூரை காலியாயிடுச்சி."

மாமா சன்னல் வழியே வானத்தைப் பார்த்தார்.

"இப்ப மழை புடிச்சிக்கினா என்னடா பண்ணுவே?"

"புடிச்சா புல்லு மொளைக்குமே மாமா."