மூன்றாம் நடைமேடையில் கூட்டம் கூடிய விதம்

என் பெயர் பியோன் ஹேசுக். வயது ஐம்பத்து நான்கு. கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. தொங்ஹாங் நகரம், துறைமுகத் தெருவில், மீன் ஏலக்கூடத்துக்குப் பின்புறம் உள்ள பச்சை அடுக்குமாடிக் கட்டடத்தில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். நகரப் பேருந்து நிறுவனத்தின் மத்திய நிலையத்தில், பயணிகள் பேருந்தில் மறந்து விட்டுச் செல்லும் பொருட்களைப் பெற்று உரியவரிடம் சேர்க்கும் பிரிவில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறேன். கடந்த சனிக்கிழமை மாலை மேற்படி நிலையத்தில் அனுமதியின்றிப் பொதுமக்கள் திரண்டதும், அதனால் கடற்கரைச் சாலையில் போக்குவரத்து நின்றுபோனதும் தொடர்பாக என்னை விசாரித்ததில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி நான் கூறுவதாவது:

இந்த வருடம் வசந்த காலத்தில் தலைமை அலுவலகத்தார் எங்கள் பிரிவுக் கணினியில் புதிய மின்னஞ்சல் மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார்கள். அது நான் கேட்காமலே பல காரியங்களைத் தானாகச் செய்யத் தொடங்கியது. நான் பாதி வாக்கியம் எழுதும்போதே மீதியை அது எழுதி முடித்துவிடும். "உங்கள் குடை" என்று நான் தட்டினால் "பத்திரமாகக் கிடைத்துவிட்டது, மகிழ்ச்சி" என்று சேர்த்துக்கொள்ளும். குடை கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் நான் உட்கார்ந்திருப்பேன். அதை நம்பி மழையில் நனைந்துகொண்டே வந்து நின்றவர்கள் உண்டு.

அதன் பிறகு, வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் கீழே தயாராகச் சில பதில்களை அது வரிசையாக வைக்க ஆரம்பித்தது. சந்தைத் தெருவில் முடிதிருத்தகம் வைத்திருக்கும் ஓ கியுசிக் என்பவர், இறந்துபோன தன் மனைவியின் ஊதா நிறக் கழுத்துத்துண்டைப் பேருந்தில் விட்டுவிட்டதாக எழுதியிருந்தார். நான் கடிதத்தை மேலே நகர்த்தப் போக, விரல் தவறிக் கீழே பட்டு "அருமை!" என்ற பதில் அவருக்குப் போய்விட்டது. அன்றே நான் பேரிக்காய் வாங்கிக்கொண்டு அவர் கடைக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் வாடிக்கையாளரின் தலையைப் பாதியில் நிறுத்திவிட்டு, "விடுங்க மேடம். அவ இருந்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா. அந்தத் துண்டை எங்கயாவது தொலைச்சிட்டு வான்னு நான்தான் வருஷக்கணக்கா கத்திட்டு இருந்தேன்" என்றார். ஆனால் கண்ணாடியில் தெரிந்த அவர் முகம் சிரிக்கவில்லை. மறுநாள் அந்தத் துண்டு கலங்கரை விளக்கத் தடத்துப் பேருந்தின் பின் இருக்கைக்கு அடியிலிருந்து எடுக்கப்பட்டு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதைக் கண்டெடுத்தவர் அந்தப் பேருந்தின் ஓட்டுநர் மா தொக்சு, வயது அறுபது. இவரைப் பற்றிப் பின்னால் கூறுகிறேன்.

அதன் பிறகு நான் தலைமை அலுவலகத்தில் கணினிகளைக் கவனிக்கும் பியோ மின்ஜே என்பவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர், "அக்கா, அது உங்களுக்கு ஒத்தாசைதானே பண்ணுது" என்றார். நான், "நான் ஒத்தாசை கேட்டேனா தம்பி? நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பக்கத்துல ஒருத்தர் எனக்காகப் பேசிட்டே இருந்தா உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். "எங்க மாமியார் வீட்ல எனக்கு அப்படித்தான்க்கா" என்றார். இருந்தாலும் எந்தெந்த வசதியை எங்கே போய் நிறுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அடுத்த முறை மென்பொருள் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது எல்லாம் பழையபடி ஓட ஆரம்பித்தன. மறுபடி நிறுத்தினேன். மறுபடி ஓடின. கடைசியில் கடிதங்களை வேறொரு வெறும் பக்கத்தில் எழுதி, அங்கிருந்து எடுத்து ஒட்டி அனுப்பும் பழக்கத்துக்கு வந்தேன். கடிதத்தில் நாளும் நேரமும் இருந்தால் அதை வைத்து ஊருக்கே அழைப்பு அனுப்பும் வசதி ஒன்று அதில் இருப்பது எனக்கு அப்போது தெரியாது.

மேற்படி மா தொக்சு மனைவியைப் பிரிந்து வெகுகாலமாகத் தனியாக இருப்பவர். ஒரே மகள் புசானில் வேலை பார்க்கிறார். மற்ற ஓட்டுநர்கள் கண்டெடுத்த பொருட்களை வாசலில் உள்ள பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். இவர் மட்டும் ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்த்து, கிடைத்ததைத் தானே என் மேஜைக்குக் கொண்டுவருவார். இதை விட்டவர் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார், தூங்கிக்கொண்டு வந்தார், யாருடனோ தொலைபேசியில் சண்டை போட்டார் என்று விவரமும் சொல்லுவார். உரியவரைக் கண்டுபிடிக்க அது எனக்கு மிகவும் உதவியது. அந்த விவரம் தேவைப்படாத நாட்களிலும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதையும் கூறிக்கொள்கிறேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவர் என் மேஜையில் இரண்டு குடைகள், ஒரு பள்ளிப் பை, ஒரு பெட்டி நெத்திலிக் கருவாடு ஆகியவற்றை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்" என்றார்.

"வைங்க மா சார், பார்க்கலாம்" என்றேன்.

"நான்தான். அடுத்த மாசத்தோட வண்டியை விட்டு இறங்கிடறேன். தேடிட்டு யாரும் வரப் போறதில்ல. நீங்களே வெச்சுக்குவீங்களா?"

பக்கத்துச் சன்னலில் பயணச்சீட்டுக் கொடுக்கும் நாம் உன்ஹீ என்பவர் அப்போது ஒரு பயணிக்கு மீதிச் சில்லறை கொடுக்க நீட்டிய கையை அப்படியே வைத்திருந்தார். நான், "எந்தப் பொருளா இருந்தாலும் கொஞ்ச நாள் காத்திருப்பு உண்டு மா சார், அதான் விதி" என்று கூறினேன். "காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். என் முகம் சிவந்துவிட்டதாக நாம் உன்ஹீ பின்னர் எல்லோரிடமும் கூறினார். அதை என்னால் உறுதி செய்ய இயலாது.

அதன் பிறகு அவர் வழக்கம்போல் பொருட்களைக் கொண்டுவந்தார். பதில் கேட்கவில்லை. அவருடைய கடைசி ஓட்டம் சனிக்கிழமை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தனக்குப் பிரிவுபசாரம் எதுவும் வேண்டாம் என்று அவர் மேலாளரிடம் கேட்டுக்கொண்டதாக அறிந்தேன். நேரில் பதில் சொல்லலாம் என்றால் நாம் உன்ஹீயின் காது பக்கத்தில் இருந்தது. ஆகவே வியாழக்கிழமை மதியம் அலுவலகக் கணினியிலிருந்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவசரத்தில் வெறும் பக்கத்தில் எழுத மறந்து நேரடியாகவே எழுதிவிட்டேன். "சனிக்கிழமை மாலை உங்கள் ஓட்டம் முடிந்ததும், ஐந்து மணிக்கு மூன்றாம் நடைமேடைக்கு வாருங்கள். அன்று நீங்கள் என்னிடம் விட்டுச் சென்றதற்குப் பதில் சொல்கிறேன்." இவ்வளவுதான் எழுதினேன். அனுப்பியபோது திரையின் ஓரத்தில் பலூன் படத்துடன் ஏதோ வந்தது. விளம்பரம் என்று நினைத்து மூடினேன்.

அந்த மென்பொருள் என் கடிதத்தில் நாளையும் இடத்தையும் கண்டு, "விட்டுச் சென்றது" என்ற சொல்லையும் கண்டு, "விட்டுச் சென்ற பொருட்கள் திருப்பித் தரும் விழா, மூன்றாம் நடைமேடை, அனைவரும் வருக" என்று தானே ஓர் அழைப்பை உண்டாக்கி, இதுவரை என் பிரிவுக்கு எழுதிய அத்தனை பேருக்கும் அனுப்பியிருக்கிறது. இது எனக்குச் சனிக்கிழமை மாலைதான் தெரிய வந்தது. வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை.

சனிக்கிழமை நான் என் நீலக் கோட்டை அணிந்துகொண்டு மூன்றாம் நடைமேடைக்குச் சென்றேன். அங்கே நிற்க இடமில்லை. ஒற்றைக் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு சிலர் மற்றதைத் தேடி வந்திருந்தார்கள். கானாங்கெளுத்தி விற்கும் அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "என் பல்செட்டு வந்திடுச்சா தங்கச்சி?" என்றார். ட்ரம்பெட்டைப் பேருந்தில் விட்டு மா தொக்சு மூலம் திரும்பப் பெற்ற ஓர் இளைஞர், மறுபடி எதையாவது விட்டுவிட்டோமோ என்று பயந்து அதையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். முடிதிருத்துபவர் ஓ கியுசிக் கழுத்தில் ஊதாத் துண்டுடன் நின்றார். எனக்கு எல்லாம் கிடைத்துவிட்டது, விழா என்று போட்டிருந்ததால் வந்தேன் என்றார். கூட்டம் நடைமேடை நிறைந்து சாலைக்கு வழிந்தது. உயிர்மீன் ஏற்றிய லாரி ஒன்று அங்கே சிக்கிக்கொண்டது. அதன் ஓட்டுநர்தான் இந்த வழக்கில் புகார்தாரர். "யோவ், என் மீனெல்லாம் மூச்சு முட்டுது, விலகுங்கய்யா!" என்று அவர் கத்தினார். கூட்டத்தை விலக்க வந்த போக்குவரத்துக் காவலரின் கைபேசியிலும் இதே அழைப்பு இருந்தது. அவர் மழைக்கோட்டைத் தொலைத்தவர். இந்த வரி தேவையில்லை என்று இப்போது எழுதும் அதிகாரி கூறினார். நடந்தது அதுதான் என்று நான் கூறியதால் எழுதப்பட்டது.

அதன் பிறகு கூட்டத்தார் பொருட்களைக் கேட்டுச் சத்தம் போட ஆரம்பித்தார்கள். நான் பயணிகள் உட்காரும் பெஞ்சின் மேல் ஏறி, விழா எதுவும் இல்லை, கணினி தானாக அனுப்பிவிட்டது, இது என் சொந்த விஷயமாக ஒருவருக்கு எழுதியது என்று கூறி எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

"என்ன சொந்த விஷயம்?" என்று பல்செட் அம்மா கேட்டார்.

அப்போது பயணச்சீட்டுச் சன்னலிலிருந்து நாம் உன்ஹீ தலையை நீட்டி, "மா அண்ணன் அக்காவைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டாரு! அக்கா இன்னிக்குத்தான் பதில் சொல்றாங்க!" என்று உரக்கக் கூவினார். அவர் பேரில் எனக்குப் புகார் இல்லை.

யாரும் கலைந்து போகவில்லை. மாறாக, பின்னால் நின்றவர்கள் முன்னால் வந்தார்கள். அந்தச் சமயம் கலங்கரை விளக்கத் தடத்துப் பேருந்து வளைவில் திரும்பி, கூட்டத்தைக் கண்டு அங்கேயே நின்றது. மா தொக்சு கதவைத் திறந்து இறங்கி, முகம் வெளுக்க ஓடி வந்தார். "யாருக்கு அடிபட்டுச்சு? ஆம்புலன்ஸ் சொல்லியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவருக்கு ஜனங்கள் வழிவிட்டார்கள். "இவர்தான் என் பையை எடுத்துக் கொடுத்தாரு", "எங்க அப்பா ஊன்றுகோலை வீட்டுக்கே கொண்டாந்தாரு" என்று ஆளாளுக்கு அவர் தோளைத் தட்டினார்கள். பெஞ்சின் மேல் என்னைக் கண்டதும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், இதென்ன கூட்டம்? எனக்குத்தான் வழியனுப்பு விழா வேண்டாம்னு சொல்லிட்டேனே."

"இது அது இல்ல மா சார். நான் உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். இந்த மெயில் பண்ண வேலை."

"அப்ப எல்லாரையும் அனுப்பிடலாமா? தனியாப் பேசலாமா?"

"அனுப்பினா பல்செட் அம்மா என்னை அடிப்பாங்க" என்றேன். அந்த அம்மா ஆமாம் என்று தலையாட்டினார்.

அவர் சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. பிறகு, "காத்திருப்பு முடிஞ்சிடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"முடிஞ்சிடுச்சு. யாரும் கேட்டு வரல. நானே வெச்சுக்கறேன்" என்று கூறினேன்.

அதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டுமே கேட்டது. அவர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் "என்ன சொன்னாங்க, என்ன சொன்னாங்க?" என்று கேட்க, "சரின்னுட்டாங்க" என்று வாய்க்கு வாய் பின்னால் போனது. அது நிலையத்தைத் தாண்டி, சாலையைத் தாண்டி, மீன் லாரி வரை போய்ச் சேர்ந்தது. புகார்தாரர் ஹாரனை விடாமல் அடித்தார். அது கோபத்தினாலா வேறு காரணத்தினாலா என்று எனக்குத் தெரியாது. ட்ரம்பெட் இளைஞர் அதே சுருதியைப் பிடித்து ஊதினார். நான் பெஞ்சிலிருந்து இறங்க மா தொக்சு கை கொடுத்தார். நாங்கள் கை விடாமல் நின்றிருந்தபோது, எல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில், கண்ணுக்கே தெரியாத தூரத்தில், மீன் ஏலக்கூடத்துப் பக்கத்திலிருந்து செய்தி அப்போதுதான் எட்டியவர்களின் கூச்சல் ஒன்று பெரிதாக எழுந்து வந்தது.

சாலை மறிக்கப்பட்டதற்கு நானே பொறுப்பு. விதிக்கும் அபராதத்துக்குக் கட்டுப்படுகிறேன். மேலே கூறிய யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். சரியாக இருக்கிறது. மென்பொருள் எதுவும் இதில் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை என்று தெரிந்துகொண்டு, என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) பியோன் ஹேசுக்

தொங்ஹாங் துறைமுகக் காவல் நிலையம், திங்கட்கிழமை முற்பகல். சாட்சி: மா தொக்சு. வெளியே காத்திருக்கச் சொல்லியும் உள்ளே வந்து உடனிருந்தார்.