வூட்டையே ஓட்டிட்டுப் போறாங்களாம்

வூட்டப் பூட்டிட்டு ஊருக்குப் போவாங்க, சரி. வூட்டையே ஓட்டிட்டு ஊரு சுத்துவாங்களா டீச்சரம்மா? நீங்களே சொல்லுங்க! ஆஸ்திரேலியாவுல அப்படித்தானாம். அங்க இருக்கற எம்மருமவன் எங்க ரெண்டு பேரையும் கூப்புட்டுச் சுத்திக் காட்ட பிளான் போட்டிருக்காரு. பெரிய வேனு. உள்ளயே கட்டிலு, அடுப்பு, ஐஸ்பெட்டி... இன்னொண்ணும் இருக்குது, பஸ்ஸுல சத்தமா சொல்லக்கூடாது... ஆமாங்க, அதேதான்! சமைக்கிற எடத்துக்கு எதுத்தாப்புல! கருமம், கருமம்!

மாசம் பூராவும் ஊரூரா ஓட்டறதாம். பொழுது சாஞ்ச எடத்துல நிறுத்திப் படுத்துக்கறதாம். காலையில கோலம் போட்டு நிமிந்தா வாசல் கெளம்பிப் போயிருச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்? சிரிக்காதீங்க!

எங்கூட்டுக்காரரு... அதோ, டிரைவர் பக்கத்துல உக்காந்து கீர் போடறதையே மொறச்சுப் பாத்துக்கிட்டு வர்றாரே, அவருதான். பெரியண்ணன்னு பேரு. மாங்கா ஏத்தற டெம்போ வெச்சிருக்காரு. மருமவன் சொன்னதுல இருந்து மனுசன் கால் தரையில படல. போன வெள்ளிக்கெழம, "காசி, ஒருக்கா ஓட்டிப் பாத்துரலாம்"னு டெம்போவுல பாய விரிச்சு, ஸ்டவ்வ வெச்சு, என்னையும் ஏத்தி உட்டுட்டாரு. "பொம்மிடி வரைக்கும் ஓட்டறேன், நீ உப்புமா கிண்டு"ங்கறாரு! கிண்டுனேங்க. ரயில்வே கேட்டுல ஒரு தூக்கு தூக்குச்சு பாருங்க... நான் பாயில, உப்புமா என் தலையில, ஸ்டவ்வு ரோட்டுல! கேட்டுல நின்ன சனமெல்லாம் ஒரே சிரிப்பு. "உள்ள கல்யாணச் சமையலுங்களா?"ன்னு கேக்கறான் ஒருத்தன்!

அவரு மட்டும் சிரிக்கல. என் தலையில இருந்த கடுகப் பொறுக்கிக்கிட்டே, "உனக்கு ஒத்து வராது காசி, வரலைன்னு போன் போட்டுடறேன்"னாரு. அன்னியில இருந்து தெனமும் தொடைக்கிற டெம்போவக்கூட தொடைக்கல.

போவலைன்னா புள்ளைய எப்பப் பாக்கறதுங்க? எம்பொண்ணு காவேரி கல்யாணங்கட்டி ஆஸ்திரேலியாவுக்குப் போயி நாலு வருசமாச்சு. போன்ல கொரலுதான் வருது. அதுவும் கரகரன்னு, பாதி வார்த்த காணாமப் போயி... "அம்மா"ங்கறது மட்டும் நல்லா கேக்கும்.

சரி, உங்ககிட்ட சொல்றதுக்கென்ன. வேனு பேச்ச அவங்களா எடுக்கலீங்க. "கண்டவங்க படுத்த லாட்ஜுல படுக்கமாட்டேன், கண்டவங்க ஆக்குனத திங்கமாட்டேன், எனக்குன்னு ஒரு அடுப்பு இருந்தாத்தான் வருவேன்"னு போன்ல கத்துனதே நாந்தான்! பாவம், புள்ளைங்க எங்கெங்கயோ விசாரிச்சு அடுப்போட வண்டி புடிச்சிருக்குதுங்க. அதான், இன்னிக்கி நானே இவரக் கெளப்பிக் கூட்டியாந்துட்டேன். சேலத்துல போட்டோ புடிச்சு, பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடணும். ஆனாலும் பாருங்க, அந்த வேனுல தண்ணிக்கு...

என்னங்க, எந்திரிச்சிட்டீங்க? மஞ்சவாடியா எறங்கறீங்க? சேலம்னுதான டிக்கெட் வாங்குனீங்க?... ஓ, முன்னால சீட்டு காலியா. அங்க காத்து நல்லா வரும்தான். போங்க, போங்க.

ஏங்க! இப்பிடி வாங்க, எடம் கெடச்சிருச்சு. யாரும் உக்காராதீங்கப்பா, எங்கூட்டுக்காரரு வர்றாரு... உக்காருங்க. இதக் கேளுங்க, அந்த ஊருல ரோட்ட ஒட்டியே கடலாமே? நெசமா? அப்பன்னா வண்டிய மெதுவா ஓட்டச் சொல்லணும். இந்த வயசுக்கு நான் இன்னும் கடலே பாக்கலீங்களே.