வாஷிங் மெஷின் அத்தை

— இல்ல மேடம், சத்தம் வருதுன்னு மட்டும் சொன்னா எப்படி? என்ன மாதிரி சத்தம்?

— உர்ர்ருன்னு வருது. ஆனா சுத்தமாட்டேங்குது. எங்க வீட்டுக்காரர் மாதிரி.

— துணி நிறையப் போட்டுட்டீங்களா?

— வெறும் டப்பா அம்மாடி. கையை விட்டு ஒரு தள்ளு தள்ளினா சுத்துது. விட்டா நிக்குது. கண்டென்சர் போயிருக்கும்னு நினைக்கறேன்.

— உங்களுக்கு எப்படி அதெல்லாம் தெரியும்?

— எனக்கென்ன தெரியும், நான் சமையல்கட்டுல கிடக்கறவ. சும்மா வாயில வந்துச்சு. ஆமா, நீ யாரு? கடையில புதுசா சேர்ந்த பொண்ணா?

— நான் வந்து... ஆமா. இல்ல. கடைக்காரரோட...

— கடைக்காரரோட?

— கடைக்காரர் வெளியில போயிருக்கார் மேடம்.

— நான் கேட்டது அது இல்லையே. சரி, குரல் ஏன் கிணத்துக்குள்ள போகுது? வெளியில வந்து பேசு பொண்ணே.

— தொண்டை கொஞ்சம் கட்டியிருக்கு.

— உன் தொண்டைக்கு ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் தவளை புகுந்துக்கிச்சு, கேட்டுப் பாரு.

— ஆமா மேடம். உங்க குரலைக் கேட்டதும் எனக்குக்கூட முதல்ல...

— முதல்ல?

— ஒண்ணுமில்ல மேடம். விலாசம் சொல்லுங்க, ஆள் அனுப்பறோம்.

— விலாசமா? அது... நாளைக்குக் கூப்பிட்டுச் சொல்றேன். அடுப்புல பால் பொங்குது. வெச்சிடறேன் அம்மாடி.

— மேடம், பால் பொங்கினா பஸ் ஹாரன் அடிக்குமா? மேடம்? ஹலோ?

*

— யாராவது அந்த டெஸ்டரை எடுங்க.

— கடையில நாம ரெண்டு பேர்தான்ப்பா இருக்கோம்.

— அதான். யாராவது.

— எனக்கு ஒரு பேர் இருக்கு. நானே யோசிச்சு வெச்சுக்கிட்ட நல்ல பேர். அது வரலைன்னா பொண்ணுன்னு கூப்பிடுங்க. அம்மாடின்னு கூப்பிடுங்க.

— வரும் வரும். முதல்ல டெஸ்டர் வரட்டும்.

— அம்மா முதல் வாரமே "அடியே"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க.

— உங்கம்மாவுக்குத் திட்ட ஒரு ஆள் இருந்தாப் போதும், அது ஆணா பொண்ணான்னு பார்க்கமாட்டா. எனக்கு அப்படியில்ல. நீ பிறந்ததுலருந்து "டேய் தம்பி". இப்ப வாயைத் திறந்தா அந்த "டே" முண்டியடிச்சுக்கிட்டு முன்னாடி வந்து நிக்குது. அதைப் பிடிச்சு முழுங்கிட்டுப் பார்த்தா, பின்னாடி ஒண்ணுமே இல்ல. காலியா இருக்கு.

— அதுக்காக விசில் அடிப்பீங்களா? நேத்து நீங்க என்னைக் கூப்பிட்ட விசிலுக்கு ரெண்டு டாக்ஸி வந்து நின்னுச்சு.

— ஒண்ணுல ஏறித்தானே வீட்டுக்கு வந்த. அது சரி, போன் ஏதாவது வந்துச்சா?

— தினமும் இதை மட்டும் ஆசையா கேட்கறீங்க. வந்துச்சு. காலையில ஒரு மிலிட்டரிக்காரர். இஸ்திரிப்பெட்டி சூடாகலையாம். "தைரியமா பேசு பொண்ணே, நெஞ்சை நிமிர்த்திப் பேசு"ன்னு அதட்டறார். போன்ல நெஞ்சை நிமிர்த்தினா அவருக்கு எப்படித் தெரியும்? அப்புறம் ஒரு வாஷிங் மெஷின் அத்தை. முன்னெல்லாம் இந்த போன் இருக்கா செத்துச்சான்னு தூக்கித் தூக்கிப் பார்ப்போம். இப்ப ஓயாம அடிக்குது. ஆனா ஒருத்தரும் சாமானைக் கொண்டு வர்ற வழியைக் காணோம்.

— வருவாங்க. எடுத்துப் பேசினியா?

— பேசினேன். பயந்துக்கிட்டேதான்.

— அன்னிக்கு மாதிரி பட்டுன்னு வெச்சிடலையே?

— அன்னிக்குப் பேசினது ஆஸ்பத்திரிப்பா. ஸ்கூல் முடிச்சதுலருந்து அந்தத் திருநங்கையர் பிரிவு வரிசையில பேரைக் குடுத்துட்டுக் காத்திருந்தேன். ஒரு வழியா போன் வந்துச்சு. "ஹலோ"ன்னேன். "சார், அவங்ககிட்ட போனைக் குடுங்க"ன்னு சொன்னாங்க. அவங்களே நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லணும். வரலை. வெச்சிட்டேன்.

— நானும் உடனே திருப்பி அடிச்சேன். அது அவங்க கூப்பிடற நம்பராம், நாம கூப்பிடற நம்பர் இல்லையாம்.

— நேர்ல போய்க் கேட்டா, "போன்ல கிடைக்கலை"ன்னு வரிசையோட கடைசிக்குத் தள்ளிட்டாங்க. நடுவுல யாராவது வரமுடியாமப் போனா கூப்பிடுவாங்களாம். அப்பவும் நான் பேசலைன்னா பேரையே எடுத்துடுவாங்களாம்.

— குரல் பயிற்சின்னு ஒண்ணு இருக்குன்னாங்களே, அதுக்குப் போனா?

— அதுவும் அதே ஆஸ்பத்திரிதான். அதுக்குத் தனி வரிசை. போன் எடுத்துப் பேசக் குரல் வேணும். குரலுக்கு ஆஸ்பத்திரி வேணும். ஆஸ்பத்திரி வேணும்னா போன் எடுத்துப் பேசணும்.

— சுத்திச் சுத்தி அங்கயே வருது. மோட்டார் நல்ல கண்டிஷன்.

— சிரிக்காதீங்க. பதிவு பண்றப்ப நீங்க என் நம்பரைக் குடுத்திருந்தாலாவது ஒரு மூலையில போய் நின்னு பேசியிருப்பேன்.

— நம்பர்னு கேட்டா என் வாயில வர்றது கடை நம்பர் ஒண்ணுதான். உங்கம்மாவைப் பொண்ணு பார்க்கப் போனப்பவே அதைத்தான் குடுத்தேன். மாத்தணும்னா மாத்திடலாமே?

— கேட்டேன். நம்பர் மாத்த ஒரு வரிசை இருக்காம்.

— ம்.

— எல்லாம் சாபம்ப்பா. அந்த ஃபேன்காரரை எத்தனை மாசமா "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க"ன்னு அனுப்பறோம்? அவர் வயித்தெரிச்சல்தான் எனக்கு வந்து விடிஞ்சிருக்கு.

— அதெல்லாம் ஒண்ணுமில்ல. அவர் ஃபேன் நாளைக்கு ரெடி.

— பார்த்தீங்களா?

— சரி, ஒண்ணு கேட்கறேன். நேர்ல வர்றவங்ககிட்ட நல்லாத்தானே பேசற. சிரிக்கற, பேரம் பேசற, என்னை விட்டுக்குடுத்துக்கூடப் பேசற. போன்ல மட்டும் என்ன பயம்?

— நேர்ல நின்னா என் முகம் கூட வரும். என் டிரஸ், நான் கை ஆட்டறது, எல்லாம் கூட நின்னு எனக்காகப் பேசும். போன்ல குரல் மட்டும் தன்னந்தனியாப் போகுதுப்பா. அந்தப் பக்கம் யார் இருக்காங்க, அதை என்ன பண்ணுவாங்கன்னு தெரியாது. சின்னக் குழந்தையை ரோட்டைக் கடக்க அனுப்பின மாதிரி இருக்கு.

— அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க யாராவது நின்னா?

— எங்கப்பா நிக்கறாங்க? டெஸ்டர் இந்தாங்க.

*

— ரிப்பேர் கடை. சொல்லுங்க.

— நான்தான் அம்மாடி. வாஷிங் மெஷின்.

— விலாசம் சொல்றேன் சொல்றேன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க அத்தை.

— விலாசம் எங்க ஓடிப்போகுது? இது இன்னும் உறுமுது. என்ன பண்ணலாம் சொல்லு.

— சோப்பு பத்தலைன்னு நினைக்கறேன்.

— என்னது?

— சோப்புத்தூள் குறைஞ்சா மோட்டார் கோவிச்சுக்கும் அத்தை.

— மோட்டார் கோவிச்சுக்குமா?

— இல்லன்னா பிளக்கைத் தலைகீழாச் சொருகிப் பாருங்க. கரண்டு வலது பக்கமா உள்ள வந்தா துணி இடது பக்கமா சுத்தும்.

— எவன் சொன்னான் உனக்கு? இத்தனை நாளா அந்தக் கடையில உட்கார்ந்து என்னத்தைக் கிழிச்ச? உறுமுது, சுத்தலை, தள்ளினா சுத்துதுன்னா கண்டென்சர்! கண்டென்சர்! எத்தனை தடவை சொல்லிக் குடுத்திருக்கேன்!

— எப்ப சொல்லிக் குடுத்தீங்க அத்தை?

— அது... முதல் தடவை போன் பண்ணப்பவே சொன்னேனே அம்மாடி. மறந்துட்டியா?

— ஆமாமா. சொன்னீங்க. சமையல்கட்டுல கிடக்கறவங்க நீங்க.

— ஐயோ, பால் பொங்குது...

— பொங்கட்டும். இருங்க. மிலிட்டரிக்காரர் சௌக்கியமா?

— எந்த மிலிட்டரி?

— தெரியாதா? சரி விடுங்க. அவர் தொண்டையிலயும் ஒரு தவளை இருக்கு. அதான் சொந்தக்காரங்களோன்னு பார்த்தேன்.

— இந்த மாசம் ஊர் பூராவும் தவளைதான்.

— உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா அத்தை?

— ஒண்ணே ஒண்ணு.

— பையனா, பொண்ணா?

— பையன்னு நினைச்சு வளர்த்தேன். பொண்ணும்மா. நல்ல பொண்ணு.

— போன்ல எவ்வளவு சுலபமா வருது பார்த்தீங்களா? அவளை நேர்லயும் இப்படிக் கூப்பிடுவீங்களா? என்னைக் கூப்பிடற மாதிரி?

— நேர்ல... அது துருப்பிடிச்ச நட்டு மாதிரி உட்கார்ந்திருக்கு. அசையமாட்டேங்குது.

— ஸ்பானரைப் போட்டு ஒரே திருகு திருக வேண்டியதுதானே?

— சேச்சே. தலை தனியா, உடம்பு தனியா வந்துடும். துருப்பிடிச்சதை அப்படித் தொடக்கூடாது. தினமும் ரெண்டு சொட்டு எண்ணெய் விடணும். லேசா ஆட்டிப் பார்க்கணும். விட்டுடணும். மறுநாளும் அதே. ஒரு நாள் விரலாலேயே கழண்டு வரும்.

— சமையல்கட்டு அனுபவமா?

— ஆமா.

— அதான் தினமும் போன் பண்றீங்களா?

— அது வாஷிங் மெஷினுக்கு.

— சரி அத்தை. நாளைக்கும் பண்ணுங்க. எனக்கும் அந்த ரெண்டு சொட்டு வேண்டியிருக்கு.

— இன்னிக்கு நீ பயப்படவே இல்லையே பொண்ணே?

— உங்ககிட்ட என்ன பயம்? அங்க ஹாரன் அடிக்குது, பால் பொங்கிடுச்சு போல. வெச்சிடுங்க. ரோட்டைப் பார்த்துக் கடந்து வாங்க.

*

— டீ வாங்கிட்டு வந்துடறேன். யாராவது கடையைப் பாத்துக்குங்க.

— யாராவது பாத்துக்கறேன்ப்பா. டீக்கடையில போன் இருக்குல்ல?

— இருக்கு. எனக்கு எதுக்கு அது?

— சும்மா கேட்டேன். மெதுவா வாங்க.

*

— ரிப்பேர் கடை. சொல்லுங்க.

— வணக்கம். ஆஸ்பத்திரியிலருந்து பேசறேன். திருநங்கையர் மருத்துவப் பிரிவு.

— அட! இன்னிக்கு ஆஸ்பத்திரியா? அத்தைக்கு லீவு விட்டாச்சா?

— எந்த அத்தை மேடம்?

— குரல் இன்னிக்குப் பிரமாதம். தவளையைக் காணோம். அசல் பொம்பளைக் குரல்.

— நான் எப்பவும் இப்படித்தான் பேசுவேன்.

— அதேதான்! அந்தச் சலிப்பு ரொம்பப் பொருத்தம். கொஞ்சம் தூக்கமும் சேர்த்துக்குங்க.

— மேடம், இங்க பதிவு பண்ணியிருக்கறவங்ககிட்ட பேசணும். அவங்ககிட்ட போனைக் குடுக்கறீங்களா?

— அவங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்கீங்க. நான்தான் அவங்க.

— நீங்களா? பிறந்த தேதி சொல்லுங்க.

— அது உங்களுக்குத் தெரியாதா? பிரசவ அறை வாசல்ல மயங்கி விழுந்தது யாரு? சரி, முறைன்னா முறை. ஜூன் பதினெட்டு. வயசு பத்தொன்பது.

— சரியா இருக்கு. ஆனா போன தடவை கூப்பிட்டப்ப ஒரு சார் எடுத்துட்டு வெச்சிட்டாங்களே?

— சார் யாருமில்ல. அதுவும் நான்தான். பயத்துல குரல் கீழ விழுந்துடுச்சு. இப்ப எடுத்துத் துடைச்சு நிமிர்த்தி வெச்சிருக்கேன்.

— எதுக்கு மேடம் பயந்தீங்க?

— "சார்"னு சொன்னதும், அத்தனை நாள் காத்திருந்தது வேற யாரோன்னு ஆயிடுச்சு. யாரோ ஒருத்தருக்கு நான் இடம் பிடிச்சு வெச்ச மாதிரி.

— அன்னிக்குக் கூப்பிட்டது நான்தான். மன்னிச்சுக்குங்க.

— உங்களுக்கும் வாய் பழகணும்ல. பழகற வரைக்கும் கஷ்டம்தான். அது எனக்குத் தெரியும்.

— ரொம்ப நன்றி மேடம். இப்ப விஷயத்துக்கு வரேன். ஒருத்தர் வரமுடியலைன்னு சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை காலையில டாக்டரைப் பார்க்க ஒரு இடம் இருக்கு. வரமுடியுமா?

— இப்பவே செருப்பை மாட்டிக்கிட்டு வர்றேன். ஆனா இந்த "வியாழக்கிழமை", நம்ம கடையோட "நாளைக்கு" மாதிரி இல்லையே?

— மேடம், நான் இன்னும் நிறைய பேரைக் கூப்பிடணும்.

— கோவம்கூட எவ்வளவு அளவா வருது! அசத்துறீங்க. வர்றேன், கண்டிப்பா வர்றேன்.

— கூட யாராவது வருவாங்களா?

— எங்கப்பா வருவார். அவரைப் பத்தி ஒண்ணு சொல்லணும், கேட்டுக்குங்க. அவருக்கு என்னை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியாது. அதுக்காக ஊர்ல உள்ளவங்க குரல்ல எல்லாம் பேசிப் பழகறார். அதுல என் பயம் போனதுதான் மிச்சம். இந்த போன் அடிச்சா முன்னெல்லாம் எடுக்கவே பயமா இருக்கும். இப்ப அந்தப் பக்கம் எங்கப்பா நிக்கறார்னு எடுத்துடறேன். இதை நேர்ல சொன்னா மனுஷன் விசில் அடிச்சுக்கிட்டே ஓடிடுவார். அதான் போன்லயே சொல்றேன்.

— கேட்டேன் மேடம். நாள் பூரா எத்தனையோ பேர்கிட்ட பேசறேன்... சரி. குரல் பயிற்சிக்கும் உங்க பேர் இருக்கு. அதையும் அதே நாள்ல வெச்சிடட்டுமா?

— வெச்சிடுங்க. எனக்கு வேண்டாட்டியும் வாஷிங் மெஷின் அத்தைக்கு ஆகும்.

— அப்ப வியாழக்கிழமை உறுதி. பதிவு பண்ணிட்டேன். இனி மாறாது.

— ரொம்ப சந்தோஷம். போனை வெச்சுட்டு டீயை எடுத்துக்கிட்டு சீக்கிரம் வாங்க, ஆறிடப்போகுது.

— டீயா? மேடம், லைன்லதானே இருக்கீங்க?

— அம்மாடி, டீயை இந்த மேசை மேல வெச்சிருக்கேன். போன்ல யாரு?