இரண்டு காபி

இப்போதெல்லாம் விருந்துகளில் தட்டை எடுப்பதற்குள் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். உங்கள் விசாரணைக் குழுவிலேயே இரண்டு பேரைக் காணோம். நான் எங்கே போனாலும் கடைசியாகத்தான் கிளம்புவேன். வெள்ளை மாளிகையில் என் பிழைப்பு அந்தப் பழக்கத்தில்தான் ஓடியது.

ஜனாதிபதி வேட் கால்டர் மிசூரியில் என் பக்கத்து வீட்டுக்காரன். அவனுக்காக வீடு வீடாய் ஓட்டுக் கேட்டவன் நான். எட்டாவது தாண்டாதவன்தான். ஆனால் ஒன்று தெரியும்: கடைசியாக யார் பேசுகிறானோ அவன் சொன்னதைத்தான் வேட் செய்வான்.

போர் வந்தது. வெளிநாட்டு விவகார ஆலோசகன் என்று பேராசிரியர் ஸ்டாண்டிஷும் வந்தான். சீக்கிரமே சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டான். அவனும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டான். ஒருநாள் வேட் என்னிடம், "ஓரின், போயி ரெண்டு காபி சொல்லிட்டு வாயேன். நாங்க பேசிட்டிருக்கோம்" என்றான்.

ரெண்டு காபி. அறையில் மூன்று பேர் இருந்தோம்.

ஒரு சனிக்கிழமை மதியம் ஸ்விட்சர்லாந்து தூதர் வழியாக எதிரியின் சேதி வந்தது. குண்டு போடுவதை நிறுத்தினால் பேச வருகிறார்களாம். மாலைக்குள் பதில் வேண்டும். நிறுத்திவிடலாம் என்றான் ஸ்டாண்டிஷ். வேட்டும் தலையாட்டினான். ஸ்டாண்டிஷின் தம்பி அங்கே போர்விமானம் ஓட்டிக்கொண்டிருந்தான். அது எனக்குத் தெரியும்.

அப்போது ஸ்டாண்டிஷின் மனைவிக்குப் பிரசவ வலி என்று போன். ஓடினான். வாசலில் என் தோளைத் தட்டி, "பெருசு, பாத்துக்கோங்க" என்றான்.

பார்த்துக்கொண்டேன்.

வேட் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினான். "நீ என்னடா சொல்ற?"

"படிச்சவன் நிறுத்தத்தான் சொல்லுவான். தேர்தல்ல நிக்கப்போறது அவனா? கால்டர் பயந்துட்டான்னு நம்ம ஊர்ல முடிவெட்டுற ஹாங்க் கூட சிரிப்பான்."

வேட் கொஞ்ச நேரம் தன் காலுறையையே பார்த்தான். பிறகு போனை எடுத்து, குண்டு போடுவதை நிறுத்துகிறோம் என்ற பதிலை அனுப்ப வேண்டாம் என்றான்.

போர் இன்னும் இரண்டு வருடம் நடந்தது. அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறதென்று நான் இன்றுவரை பார்த்ததில்லை. ஸ்டாண்டிஷின் தம்பி அடுத்த மாதமே விமானத்தோடு விழுந்தான். அடக்கத்துக்குப் போனேன். அங்கேயும் கடைசியாகக் கிளம்பியவன் நான்தான்.

கேட்டதால் சொல்கிறேன். ஸ்டாண்டிஷ் போரைத் தொடரச் சொல்லியிருந்தால், நான் நிறுத்தச் சொல்லியிருப்பேன். இதில் பொறாமை எங்கே வந்தது? சிநேகிதனுக்கு நல்லது சொன்னேன், அவ்வளவுதான்.

உங்கள் முகங்களைப் பார்த்தால் நம்புகிற மாதிரி இல்லை. என் தொப்பியை எடுத்துக் கொடுங்கள். நீங்கள் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள், இன்றைக்கு நான் முதலில் கிளம்புகிறேன்.